பார்ப்பவருக்கும் ஓய்வு உரியது

பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டவருக்குப் படுக்கைப்புண் வராமல் காக்க, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிவிட வேண்டும் என்பது தாதியர் சொல்லித்தரும் பாடம். இரவுக்கும் அதே கணக்குத்தான். வைத்தியசாலையில் பலர் முறைமாறிச் செய்யும் இந்த வேலையை வீட்டில் பெரும்பாலும் ஒரே ஒருவர் செய்கிறார். அவர் நாலு நாள் எங்காவது போய்வர நினைத்தால் அது பிழையா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 1983க்குப் பிறகு போர் பிள்ளைகளை ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் சிதறடித்தது. நாலைந்து பிள்ளைகள் பிறந்த வீட்டிலும் தாய் தகப்பனோடு மிஞ்சியவர் பல இடங்களில் ஒருவர்தான். அநேகமாக ஒரு மகள், சில வீடுகளில் மருமகள். வெளியில் இருப்பவர்கள் காசு அனுப்புகிறார்கள். அது சின்ன உதவி அல்ல. மருந்தும் பம்பர்சும் கட்டிலும் அந்தக் காசில்தான் வருகின்றன. ஆனால் காசு இரவு இரண்டு மணிக்கு எழும்பாது.

பெற்ற தாயைப் பார்ப்பதில் களைப்பு என்ன, கணக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது: அன்பால் செய்யும் பணிக்கு மணிக்கணக்குப் பார்க்க முடியாது. என்றாலும் அன்பு நித்திரைக்கு ஈடாகாது. நித்திரையில்லாத கை முரடாகிறது. வாயில் சுடுசொல் வருகிறது. பிறகு அதை நினைத்து மனம் வேகிறது. இதைக் காட்டி, ‘நல்லாய்ப் பார்ப்பதற்காகவாவது ஓய்வெடு’ என்பார்கள். அந்த அறிவுரை போதாது. நோயாளிக்குப் பயன்படும் அளவுக்குத்தான் பார்ப்பவரின் உடம்புக்கு மதிப்பு என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. அவருக்கும் ஒரு வாழ்வு உண்டு. ஓய்வு அவருக்கு உரியதாக அந்த ஒரு நியாயமே போதும்.

அதற்காக நோயாளியைத் தனியே விட்டுப் போகலாமா? கூடாது, இயலாதவரின் தேவையே முந்தி நிற்கும். இரண்டு பேரின் உரிமையும் மோதுவது, மற்றவர்கள் விலகி நிற்கும்போதுதான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது வைக்கிறது. ஊரில் தங்கிய பிள்ளைக்கு மட்டும் அதை எழுதிவைக்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களை நினைத்து வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், தாயைப் பார்க்கும் தங்கையை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் அந்தக் கட்டிலருகே படுக்கலாம். வர முடியாதவர் இரவுக்கு ஆள் வைக்கக் காசு கொடுக்கலாம். பார்ப்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு: ‘என்னைத் தவிர ஆராலும் ஏலாது’ என்ற பிடிவாதத்தை விட்டு, மருந்து நேரங்களை எழுதிவைத்து, இன்னொருவரைப் பழக்கிவிடுவது. அயலவர்கள், கலியாணவீட்டில் அந்த மகளைக் கண்டதும் ‘அம்மாவை ஆரிட்ட விட்டிட்டு வந்தனீ?’ என்று கேட்பதை நிறுத்தலாம். ‘நான் எப்ப வந்து இருக்கட்டும்?’ என்று கேட்பவரே அந்தத் தாய்க்கும் மகளுக்கும் ஒருசேர நன்மை செய்கிறார்.