வாடகை இல்லாத வீடு

எஸ்டேட் லைன் வீட்டுக்கு வாடகை கிடையாது. தொழிலாளிக்கு வீடு தருவதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் தலைமுறை தலைமுறையாக அந்த வீடுகளில் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த என் பாட்டி சொல்வார்: "வாடகை இல்லாத வீட்டுல ஆணி அடிக்கக்கூட யோசிக்கணும்டி."

இலவசமாகக் கிடைத்த ஒன்று எப்போது நம்முடையதாகிறது? இந்தக் கேள்வி எனக்குத் திரும்ப வந்தது ஒரு மேக்புக் வழியாக.

அப்பா இங்கே ஒரு தொழிற்சங்க ஆபீஸில் மனு எழுதிக்கொண்டிருந்தவர். 2000களில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டரில், அன்றைய தமிழ் டைப்பிங் மென்பொருள் ஒன்றில், நூற்றுக்கணக்கான மனுக்களை அடித்து வைத்தார். அந்தக் கோப்புகளை வேறெந்த மென்பொருளும் திறப்பதில்லை. கம்ப்யூட்டர் எப்போதோ செத்துவிட்டது. கோப்புகளும் அந்த மென்பொருளும் ஒரு பென் டிரைவில் மிச்சம். என் மேக்புக்கில் இருப்பதோ ஆர்ம் சிப். பழைய விண்டோஸ் மென்பொருள் பேசுவது இன்டெல் சிப்பின் மொழி.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்யும் மென்பொருள்கள் உண்டு. வெளியே இருப்பது 'ஹோஸ்ட்', உள்ளே ஓடுவது 'கெஸ்ட்'. இரண்டும் ஒரே சிப் மொழி பேசினால் வேலை வேகமாக நடக்கும். வேறு மொழி என்றால் உள்ளே வரும் கட்டளைகளை எல்லாம் மொழிபெயர்க்க வேண்டும், அதனால் மெதுவாகத்தான் நகரும். ஆர்ம் மேக்கில் விஎம்வேர் ஃப்யூஷன் முதல் வகையை மட்டும் செய்கிறது. யுடிஎம் இரண்டையும் செய்யும், ஏனென்றால் அதன் அடியில் க்யூஎமு இருக்கிறது. க்யூஎமுவை ஃபாப்ரீஸ் பெல்லார் 2003இல் வெளியிட்டார்.

இரண்டுமே இலவசம். ஆனால் ஒரே மாதிரி இலவசம் இல்லை.

விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. 2024 மே மாதம் ஃப்யூஷன் ப்ரோவைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமாக்கினார்கள், நவம்பரில் எல்லாருக்கும். சந்தோஷம். ஆனால் அதே 2024 தொடக்கத்தில்தான் சர்வர்களுக்கான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பக் கொடுத்தார்கள். கொடுத்ததும் எடுத்ததும் அவர்கள் முடிவு, இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. க்யூஎமுவின் உரிமம் வேறு ஜாதி. அதை எழுதியவர்கள் எல்லாரும் நாளைக்கு மனம் மாறினாலும், என் கையில் இருக்கும் நகலைத் திருப்பிக் கேட்க முடியாது. ஒன்று லைன் வீடு, மற்றது பட்டா நிலம்.

உள்ளே வரும் கெஸ்டுக்கும் இதே கேள்விதான். அப்பாவின் எக்ஸ்பி உரிமம், கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர். அந்தப் பெட்டியோடு விற்றது, அந்தப் பெட்டிக்கு மட்டுமே. வேலை போனால் வீடு போவது மாதிரி, பெட்டி போனால் உரிமம் போச்சு. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. விற்பனையும் இல்லை. "எங்கயாவது ஒரு காப்பி எடுத்துப் போடு, யார் கேக்கப் போறா?" என்றாள் தோழி.

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது ஒரு நியாயம் ஆகாது. ஆனால் அவள் பேச்சில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. விற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று ஒருவர் பூட்டி வைத்த அறைக்குள் என் அப்பாவின் எழுத்து கிடக்கிறது. பூட்டு அவருடையது, எழுத்து அவருடையதல்ல. வேறு வழியே இல்லையென்றால் நான் அந்த நகலைத்தான் போட்டிருப்பேன், அதைத் திருட்டு என்று நினைத்திருக்கவும் மாட்டேன்.

வேறு வழி இருந்தது. யுடிஎம்முக்குள் இன்டெல் வகை லினக்ஸ் ஒன்றை நிறுவி, அதில் வைன் போட்டேன். விண்டோஸ் மென்பொருள்களை விண்டோஸே இல்லாமல் ஓட்டுவதற்காக 1993 முதல் பலர் சேர்ந்து எழுதிவரும் மென்பொருள் அது. எல்லா நிரலும் அதில் ஓடாது. அப்பாவுடையது ஓடியது. ஒரு மெனு திறக்க ஒரு வாய் டீ குடித்துவிடலாம், அவ்வளவு மெதுவாக.

முதலில் திறந்த மனு ஓய்வுபெற்ற ஒரு அம்மாவுடையது. வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்கிறது நிர்வாகம், அந்தப் பணம் வந்தால்தான் அட்வான்ஸ் கொடுத்து வேறு வீடு பிடிக்க முடியும் என்கிறார் அவர். அப்பா அதைக் கெஞ்சி எழுதவில்லை. எந்தச் சட்டப்படி கேட்கிறோம் என்று எழுதியிருந்தார்.

தயவை நான் குறைத்துப் பேசவில்லை. இனாமாகக் கொடுப்பவர் சாகும்வரை கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. பட்டா வீட்டுக்கும் கூரை ஒழுகும், பொதுவில் இருக்கும் மென்பொருளையும் யாராவது உட்கார்ந்து பழுதுபார்க்க வேண்டும். வித்தியாசம், ஏறிச் சரிசெய்ய நமக்கு அனுமதி இருக்கிறதா என்பதில்தான். உரிமை என்று வந்துவிட்டால் பொறுப்பும் நம் தலையில்தான். யுடிஎம்மை அவர்கள் தளத்திலிருந்து சும்மா இறக்கலாம், ஆப் ஸ்டோரில் அதே செயலிக்கு விலை உண்டு. நான் காசு கொடுத்து வாங்கினேன்.

இப்போது மனுக்களை ஒவ்வொன்றாக யூனிகோடில் திரும்ப அடிக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு, வெறும் எழுத்துக் கோப்பாக. அடுத்து அதைத் திறக்கப் போகிறவருக்கு மைக்ரோசாஃப்டின் தயவும் வேண்டாம், என் மேக்புக்கின் தயவும் வேண்டாம்.