பட்டினியும் உயிரணுவும்

பட்டினி உடலைத் தூய்மையாக்கும், விஞ்ஞானமே அதற்குச் சான்று என்கின்றனர் திருவனந்தபுரத்து அன்பர் சிலர். பட்டினியுற்ற ஈஸ்ட் உயிரணு, தன் உட்கூறுகளையே பொதிந்து கரைத்துப் பிழைத்திருப்பதை ஜப்பானிய அறிஞர் ஒசுமி 1992இல் விளக்கினார். 2016இல் நோபல் பரிசும் பெற்றார். மெய்தான். ஆயின் 2004இல் வெளிவந்த எலிக்குட்டி ஆராய்ச்சியையும் நோக்குக. கொப்பூழ்க்கொடி வழி வந்த உணவு அற்றபின், தாய்ப்பால் கிட்டும்வரை குட்டியின் உயிரணுக்கள் தம்மையே உண்டு உயிர் தாங்குகின்றன. சில மணி நேரக் கைம்மாற்று அது! பால் வராவிடில் குட்டி மடியும்.

ஆலை அடைபட்ட மாதங்களில் நாமும் பட்டினி கிடந்தோம். அதனைத் தூய்மையென்று போதிக்க வந்தவர், நம் பிள்ளைகளின் முகத்தை எங்ஙனம் நோக்கியிருப்பார்? விரும்பி ஒருவேளை உணவு விடுப்பவனுக்கு அடுத்த வேளைச் சோறு உறுதி. உலையிலிட அரிசியில்லாதவனுக்கு உபவாசம் போதிக்க நாம் உடன்படோம். எலும்பு தோன்ற நோன்பிருந்த சித்தார்த்தரும், சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்ட பின்னரே போதிமரத்தடியில் அமர்ந்தார்.