இதழில்லாத பூ

பூவின் அழகு யாருக்காக? மனிதன் கண்டு மகிழ இறைவன் படைத்தான் என்பது பழைய பதில். டார்வின் இதை மறுத்தார். பூச்சிகளை ஈர்க்கவே பூக்கள் நிறம் பூண்டன, பூச்சியே இல்லாதிருந்தால் ஓக் மரத்திலும் புல்லிலும் காண்பதுபோல் காற்றை நம்பிய எளிய பூக்களே இருந்திருக்கும் என்று 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் பிற்பதிப்புகளில் எழுதினார். எதிரெதிரான இந்த இரு பதில்களும் ஓர் இடத்தில் கைகோக்கின்றன: அழகு இருந்தால், அது யாரோ ஒருவர் கண்ணைக் குறிவைத்தே இருக்க வேண்டும். இந்த நம்பிக்கை தவறு என்பதற்கு மெடோ ரூ என்ற தாலிக்ட்ரம் செடியே போதும்.

இதில் ஓர் இனம் நீலகிரியிலும் பழனி மலையிலும் தானே வளர்கிறது. தாலிக்ட்ரம் பூக்களுக்கு அல்லி இதழே கிடையாது. பல இனங்களில் புல்லி இதழ்களும் மொட்டு விரிந்த சில நாளில் உதிர்ந்துவிடும். பிறகு கண்ணில் படுவது பெரும்பாலும் மகரந்தத் தாள்களின் கொத்துதான். வட அமெரிக்கக் கிழக்குப் பகுதிக் காடுகளின் தாலிக்ட்ரம் டயோய்கத்தில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. மகரந்தத்தைச் சுமப்பது காற்று. யாரையும் அழைக்கத் தேவையில்லாத ஆண்பூ, தாள்களைக் குஞ்சமாகத் தொங்கவிட்டு இளங்காற்றுக்கும் ஆடுகிறது. ஆடினால்தான் மகரந்தம் காற்றில் ஏறும். அந்தக் காரணத்தில் பார்க்கும் கண்ணுக்கு எந்தப் பங்கும் இல்லை. அழகு மட்டும் குறையவில்லை.

அழகு செடியில் இல்லை, நம் பழக்கத்தில்தான் இருக்கிறது என்பார்கள். ஆனால் இங்கே வளைந்துகொடுத்தது பழக்கம்தான். உயரமான செடியைப் பாத்தியின் பின்வரிசையில் நடுவது தோட்டக்காரர் வழக்கம். ஜப்பானின் தாலிக்ட்ரம் ரோஷ்புருனியானமோ ஆளுயரம் தாண்டியும் முன்வரிசைக்கு வந்தது. மெல்லிய தண்டும் கலைந்த பூங்கொத்துமாக இருப்பதால் பின்னாலுள்ளதை அது மறைப்பதில்லை. நிறப் புல்லிகள் கொண்ட தாலிக்ட்ரம் டெலவாயி பூச்சிகளை அழைக்கிறதே என்றால், ஆம், அங்கே டார்வின் சொன்னதே சரி. அதே செடியின் 'ஹெவிட்ஸ் டபுள்' வகையில் தாள்களே இதழ்போல் மாறிவிட்டன. மனிதக் கண்ணுக்காகக் காக்கப்படும் அந்தப் பூ விதை தருவதில்லை. வேர்த்தொகுதியைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

பக்தர் எழுப்பும் மறுப்பு இவற்றைவிட ஆழமானது: காற்றுக்காகப் பூத்தாலும், பின்னாளில் அதைக் காணப்போகிறவனை இறைவன் அறிந்திருந்தான் அல்லவா? அறிந்திருக்கலாம். ஆனால் பார்வையாளனுக்காகப் படைப்பவனைவிட, பார்ப்பவர் எவரும் இல்லாத காட்டிலும் குறைவைக்காமல் படைப்பவனே எனக்குப் பெரியவனாகத் தெரிகிறான். படைப்பு எந்தத் தேவையாலும் எழவில்லை, அது லீலை என்கிறது பிரம்ம சூத்திரம். பலவற்றில் மாறுபட்ட சங்கரரும் இராமானுஜரும் இதை ஏற்றே உரை எழுதினார்கள். கண்ணுக்காகத் தோன்றாத ஒன்று கண்ணுக்குக் கிடைக்கும்போது அதை உரிமை என்று கோர நமக்கு வழியில்லை. நன்றியோடு நிற்கத்தான் முடியும்.

குளிர்நாட்டில் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஈரம் தங்கும் மண்ணில், மர நிழலோரம் டயோய்கத்தை நட்டுப் பாருங்கள். ஆண்செடியாகக் கேட்டு வாங்குங்கள். மேலே மரங்கள் துளிர்விடும் இளவேனிலில் அது பூக்கும்.