ஐம்பதில் வளையுமா?

கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் மின்சார ரயிலில், உருக்காலைத் தொழிலாளி ஒருவர் தம் அண்ணன் மகளைப் பற்றிச் சொன்னார். பிறவியிலேயே இரு கண்ணிலும் புரை; வயது 14. "இனிமேல் ஆபரேஷன் செய்து என்ன சார்? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றார்.

விஞ்ஞானமும் இதற்குச் சாட்சி சொன்னதுதான். 1960-களில் ஹியூபெல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடித் தைத்து வைத்தார்கள். பிறகு திறந்தபோது கண்ணில் பழுதில்லை. மூளைதான் அதைக் கைவிட்டிருந்தது.

ஆனால் நம் நாட்டிலேயே, பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில், 8 முதல் 17 வயதுள்ள ஐந்து பிள்ளைகள் சிகிச்சைக்குப்பின் சோதிக்கப்பட்டார்கள். பார்வை பெற்ற குருடன், தடவியறிந்த பொருளைக் கண்ணால் இனம் காண்பானா? 1688-ல் மோலினோ என்பவர் தத்துவஞானி லாக்கிடம் கேட்ட கேள்வி அது. 2011-ல் விடை வந்தது: முதலில் தடுமாறினார்கள், மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் சில நாட்களிலேயே தேறிவிட்டார்கள்.

இத்தனை தாமதமானால் பார்வை முழுக் கூர்மை பெறுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அரைகுறைப் பார்வை போதுமா என்று தீர்மானிக்க, கண்ணுள்ள நாம் யார்? இந்த வயதிலும் நான் புதிய சோம்பல்களைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். என் மூளை முற்றிவிட்டதென்று யாரும் சொல்வதில்லை.

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். "அவளை யாரும் கேட்கவில்லையே, சார்" என்றார். பொன்னேரி வந்தது, இறங்கிப் போனார்.