சக்தியும் தடையும்: கிளம்பாத காரை முன்வைத்து ஒரு காரண விசாரணை

காரியம் காணப்படாத இடத்தில் அதன் காரணமும் இல்லை என்று முடிவு கட்டலாமா என்ற கேள்வியை இந்தியத் தருக்க மரபுகள் பெரும்பாலும் நெருப்பையும் புகையையும் வைத்தே ஆராய்ந்தன. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு எனக் கருதி அறிவது, அதாவது அனுமானம், எளிது. புகை இல்லாத இடத்தில் நெருப்பும் இல்லை என்பது அவ்வளவு எளிதன்று, ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு புகையாமலே நெருப்பைத் தன்னுள் கொண்டிருக்கும். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தத் தருக்க ஆசிரியர் தர்மகீர்த்தி, காணாமையை ஏதுவாகக் கொள்ளும் அனுமானங்களைத் தம் நியாயபிந்துவில் பதினொரு வகையாகப் பிரித்தபோது, காரியத்தைக் காணாமையிலிருந்து பெறத்தக்க முடிவை மிகவும் சுருக்கியே வகுத்தார்: தடைபடாத ஆற்றலுடைய காரணங்கள் அங்கே இல்லை என்பது மட்டுமே அம்முடிவு. எது இல்லை, எது இருந்தும் தடைபட்டிருக்கிறது என்பதை அந்தக் காணாமை சொல்லாது.

பல வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சாவியைத் திருப்பியும் கிளம்பாதபோது, பேட்டரி செத்துவிட்டது என்று அங்கேயே வழங்கப்படும் தீர்ப்பு இந்த வரம்பை மீறுகிறது (புதிய பேட்டரி விற்பவருக்கு அது வசதியான தீர்ப்பும்கூட). எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் இயங்குவதற்குப் பேட்டரியோடு, அதன் இரு முனைகளைக் கவ்வும் கிளாம்புகள், கனத்த கேபிள்கள், காரின் உடலோடு சேரும் எர்த் இணைப்பு, சாவி சுவிட்ச், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலினாய்டு, கையால் கியர் மாற்றும் பல கார்களில் கிளட்ச் மிதி அழுத்தப்பட்டதை உணரும் சுவிட்ச் ஆகியவை ஒன்றுகூட வேண்டும். இப்படிக் குறைவின்றிக் கூடிய காரணத் தொகுதியைத் தருக்க நூலார் சாமக்கிரி என்பர். கிளம்பாமை என்ற ஒரே ஏது இவற்றுள் எதன் குறைவோடும் பொருந்துவதால், மணிமேகலையின் 29-ஆம் காதை விரித்துரைக்கும் ஏதுப் போலிகளுள் அது அநைகாந்திகம் எனப்படும் வகையைச் சாரும். அதாவது, நிறுவ வந்த பொருளோடும் அதற்கு மாறானதோடும் ஒருங்கே சேர்ந்து நிற்கும் ஏது. பக்கச் சான்றுகள் தேவைப்படுவது இதனால்தான்: விளக்குகள் மங்கிச் சோலினாய்டு விடாமல் படபடத்தால் மின்சாரம் குறைந்திருக்கிறது என்றும், விளக்குகள் பிரகாசமாக எரிய ஒற்றை ஒலி மட்டும் கேட்டால் மோட்டார்ப் பக்கத்தில் குறை என்றும் ஐயத்தைச் சாய்க்கலாம். சாய்க்கலாம் என்பதற்கு மேல் சொல்ல இன்னும் இடமில்லை.

அளவு கருவியும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. காரில் உள்ள ஈய அமிலப் பேட்டரி, 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய மின்கலத்தின் வழித்தோன்றல். அதனுள் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், முழுதும் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் நிலையில் முனைகளுக்கிடையே சுமார் 12.6 வோல்ட் காணப்படும். ஆனால் அந்த 12.6-ஐக் காட்டும் பேட்டரியே, 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுமை விழுந்த நொடியில் 7 வோல்ட்டுக்குச் சரிந்துவிடுவதும் உண்டு. இங்கே தர்மகீர்த்தியின் இன்னொரு கோட்பாடு துணைக்கு வருகிறது. பயன் தரும் செயலை ஆற்றவல்லதே மெய்ப்பொருள் என்பது அவர் கொள்கை. அச்செயலை அர்த்தகிரியை என்ற சொல்லால் அவர் மரபு குறிக்கும். ஓய்வில் காணும் வோல்ட் பேட்டரியின் தோற்றத்தை அளக்க, சுமையின் கீழ் அளக்கும் வோல்ட்டே அதன் செயலை அளக்கிறது.

செயல் நின்றுபோனது என்று அறிந்தபின், உள்ளே இருந்த சக்தி அழிந்ததா, சக்தி இருந்தும் தடைபட்டதா என்ற கேள்வி எஞ்சுகிறது. வேத விளக்க மரபினரான மீமாஞ்சகரும் நியாயத் தருக்க மரபினரான நையாயிகரும் இதே கேள்வியில் மோதினர். ஒரு குறிப்பிட்ட மணியை, அதாவது இரத்தினக் கல்லை, அருகில் வைத்தால் நெருப்பு சுடுவதில்லை, மணியை அகற்றினால் மீண்டும் சுடுகிறது என்பது இருவரும் ஒப்பிய எடுத்துக்காட்டு. நெருப்பின் வடிவமோ நிறமோ மாறாதிருக்கச் சுடுதல் மட்டும் நின்றதால், கண்ணுக்குப் புலப்படாத சக்தி என்ற தனிப்பொருள் நெருப்பில் உண்டென்றும், மணி குலைத்தது அதைத்தான் என்றும் மீமாஞ்சகர் வாதிட்டனர். நையாயிகராகிய உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியில் இதை மறுத்தார்: தடை செய்வது அருகில் இல்லாமை, அதாவது பிரதிபந்தக அபாவம், காரணத் தொகுதியின் உறுப்புகளுள் ஒன்று; மணி வந்ததும் அந்த உறுப்பு குறைகிறது, தொகுதி குறைபடுகிறது, காரியம் நிற்கிறது; இதற்கென மறைவான சக்தி ஒன்றைக் கற்பிக்க வேண்டுவதில்லை.

பேட்டரி முனைகளில் படியும் களிம்பு உதயணரின் விளக்கத்துக்கு நேரான சான்று. அமிலம் கசிந்து செம்புக் கேபிளைத் தொட்ட இடத்தில் நீலப்பச்சை நிறத்தில் செம்பு சல்பேட்டும், ஈய முனையில் வெண்மையான ஈய சல்பேட்டும் படிந்து, பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போதே மின்சாரத்தின் வழியை அடைக்கின்றன. ஆணவ மலம் உயிரின் அறிவை அழிப்பதில்லை, மறைக்கிறது என்று காட்டச் சைவ சித்தாந்திகள் செம்பில் களிம்பை உவமையாகக் கொண்டதைத் தமிழ் வாசகர் அறிவர். ஆனால் அந்த உவமையில் களிம்பு செம்போடு உடன்பிறந்தது, என்று தொடங்கியது எனச் சொல்ல முடியாதது; பேட்டரி முனையின் களிம்புக்குத் தொடக்கம் உண்டு, சோடா உப்புக் கரைசலும் கம்பித் தூரிகையும் கொண்டு அதைப் போக்கிவிடவும் முடியும். இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட பேட்டரி இவ்வளவில் உயிர் பெற்றால், அது இறக்கவே இல்லை.

பேட்டரியின் உள்ளே நிகழும் சல்பேட் படிவு இதைவிடச் சிக்கலானது. மின்சாரம் தரும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் உண்டாவதும், சார்ஜ் ஏறும்போது அது கரைந்து மறைவதும் இயல்பு. நெடுநாள் சார்ஜ் இறங்கியே கிடந்தால் அந்தப் படிகங்கள் பெருத்து இறுகி, பின்னர் எளிதில் கரைவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் ஓட்டத்தால் அன்றி நிறுத்தத்தாலேயே பேட்டரியை இழப்பது இதனால்தான். அலாரம், கடிகாரம், பூட்டின் ரிசீவர் ஆகியவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்தாலும் ஒரு நாளில் 1.2 ஆம்பியர் மணி செலவாகும். 80 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதி வற்றிவிடும். இறுகிய படிகத்தை உள்ளே வைக்கப்பட்ட மணி என்று நையாயிகர் சொல்லக்கூடும்; எனினும் தகட்டின் ஈயமே உதிர்ந்து அடியில் வண்டலாகத் தேங்கிய பேட்டரியில் அகற்றுவதற்குத் தடை எதுவும் இல்லை, முதற்காரணமாகிய பொருளே கெட்டிருக்கிறது. அப்போதும் மறைவான சக்தி என்ற கற்பனை தேவைப்படவில்லை என்பதே உதயணர் கட்சியின் வலிமை. சக்தி போய்விட்டது என்று சொன்னவர் அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்ல முடியாது. தொகுதியில் ஓர் உறுப்பு குறைகிறது என்று சொன்னவருக்குத் தேட வேண்டிய இடங்கள் வரிசையாக எஞ்சியிருக்கும்.

பிற்கால நையாயிகர் இந்த விவாதத்தில் உத்தேஜகம் என்ற மூன்றாம் பொருளையும் சேர்த்தனர்: தடைசெய்யும் மணி இருந்தபடியே இருக்க, அதன் விளைவை வெல்லும் வேறொரு மணியை அருகில் வைத்தால் நெருப்பு சுடும். வேறொரு காரின் பேட்டரியை ஜம்பர் கேபிளால் இணைத்துக் கிளப்புவது ஏறத்தாழ இத்தகையது. குறை நீங்காமலே காரியம் நிகழ்கிறது. ஆகவே அப்படிக் கிளம்பியதைக் கொண்டு ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமேயன்றிப் பேட்டரி செத்தது என்று சொல்ல இயலாது. ஜம்பர் கேபிளின் கவ்விகள் முனையைப் பிடிக்காமல் கிளாம்பைப் பிடித்திருந்தால், இடையில் இருந்த களிம்பைத் தாண்டியே மின்சாரம் பாய்ந்திருக்கும். குற்றவாளி களிம்பாக இருக்கப் பழி பேட்டரி மேல் விழும்.

2004 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட போர்ஷே 911-இன் 997 வகை இவ்விசாரணையில் இன்னொரு தருக்கக் குற்றத்தையும் கண்முன் நிறுத்துகிறது. அதில் எஞ்சின் பின்புறமும் பேட்டரி முன்புறச் சாமான் அறையிலும் இருக்க, அந்த அறையின் மூடியைத் திறக்கும் பூட்டு மின்சாரத்தால் இயங்குகிறது: பேட்டரியை அணுக மூடி திறக்க வேண்டும், மூடி திறக்கப் பேட்டரி வேண்டும். ஒன்றின் நிலைபேறு மற்றொன்றையும், அதன் நிலைபேறு முன்னதையும் சார்ந்து நிற்கும் இக்குற்றம் அன்னியோன்னியாசிரயம் எனப்படும். வட்டத்தின் உள்ளிருந்து விடுதலை இல்லாததால், ஓட்டுநர் காலடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் இதற்கென்றே வைக்கப்பட்ட நேர்முனையை வெளியே இழுத்து, வெளிப் பேட்டரியின் நேர்முனையை அதனோடும் எதிர்முனையைக் கதவருகே உள்ள உலோகப் பகுதியோடும் இணைத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். இந்த வழியாக எஞ்சினைக் கிளப்ப முடியாது, மூடியை மட்டுமே திறக்கலாம்.

பேட்டரியை மாற்றும் வேலை சிறியது. காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையில் வைத்த ஸ்பானர் உடலைத் தொட்டுப் பொறி பறக்காதிருக்க, எதிர்முனை முதலில் கழற்றப்பட்டு இறுதியில் பூட்டப்படுகிறது. தருக்கத்தின் வேலையோ இங்கே தொடர்கிறது, ஏனெனில் புதிய பேட்டரி வைத்ததும் கார் கிளம்பியது என்ற உண்மையில் இரண்டு மாற்றங்கள் கலந்துள்ளன: பேட்டரி மாறியது, கிளாம்புகளும் சுரண்டிப் பூட்டப்பட்டன. ஒன்று இருக்கும்போது மற்றது இருத்தலையும், ஒன்று இல்லாதபோது மற்றது இல்லாமையையும் தனித்தனியே காட்டும் அந்வய வெதிரேகம் இங்கே நிறைவேறவில்லை. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை தருகிறதா என்றும், நின்ற காரில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிவு உண்டா என்றும் பார்க்காவிட்டால், புதிய பேட்டரியும் சில மாதங்களில் பழையதன் கதியை அடையலாம். கழற்றிய பேட்டரியை முழுதும் சார்ஜ் ஏற்றி, குளிர்நிலைத் தொடக்க மின்னோட்டமாக அதன்மேல் அச்சிட்டுள்ள ஆம்பியரில் பாதியை 15 வினாடி இழுத்துப் பார்த்து, சாதாரண வெப்பநிலையில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் நின்றால், மாற்றப்பட்டது நல்ல பேட்டரி என்றும் காரைக் கிளப்பியது கம்பித் தூரிகையோ, புதிய பேட்டரியில் இருந்த சார்ஜோதான் என்றும் கொள்வதே முறை.