பாக்கியோடு ஒரு நகல்

நெருப்பெரிச்சலில் சித்தப்பாவின் பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில் ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு பழைய லேப்டாப். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. ஆன் பண்ணிவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தால் சரியாக இருக்கும். 1 டிபி எஸ்எஸ்டி வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் புது டிஸ்க் பூட் ஆகாது. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்கிற பார்ட்டிஷன் அட்டவணை, விண்டோஸை எழுப்புகிற சின்ன பூட் பகுதி எல்லாமே போக வேண்டும். அதனால் பென்டிரைவில் லினக்ஸைக் கிளப்பி, 'டிடி' கட்டளையால் செக்டர் செக்டராக நகலெடுப்பது என் வழக்கம். எது முக்கியம், எது குப்பை என்று டிடிக்குத் தெரியாது. அழித்த ஃபைலின் மிச்சம்கூட வந்துவிடும்.

இதைச் சொன்னதும் சித்தப்பா கேட்டார்: "2020ன்னு ஒரு ஃபோல்டர் இருக்குது கண்ணு. அதைய மட்டும் உட்டுட்டு மாத்த முடியுமா?"

திறந்து பார்த்தேன். மார்ச் 25 ஊரடங்குக்கு முந்தைய வாரத்தின் பீஸ் ரேட் கணக்கு. பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே பாக்கி. ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. "பார்ட்டி எனக்கே பணம் தரலியே" என்றார். அதுவும் உண்மைதான்.

"முழுசாத்தானுங்க சித்தப்பா எடுக்க முடியும்" என்றேன். பாதிப் பொய். நகலெடுத்தபின் அந்த ஃபோல்டரை அழிக்க ஒரு நொடி போதும்.

இரண்டு மணி நேரம் ஓடியது. 1694இல் வந்த தன் நூலின் இரண்டாம் பதிப்பில் ஜான் லாக், ஒருவர் 'அதே ஆள்' என்பது உடலில் இல்லை, செய்ததைத் தன்னுடையதாக நினைவில் ஏற்பதில் இருக்கிறது என்கிறார். எனக்கு இதில் ஒரு சிக்கல். அப்படியென்றால் மறந்தவன் கடனிலிருந்து தப்பிவிடுவானா? லேப்டாப் சித்தப்பாவுடையது, கணக்கு எழுதியவரும் அவர்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் இவ்வளவு வரவேண்டும் என்பதற்கு வேறு சீட்டு எதுவும் இல்லை. அந்த ஃபைலில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அதற்காக, அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாததை நான் பயன்படுத்திக்கொண்டது சரியாகிவிடுமா? அவரிடம் நேராகப் பேசியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

நகல் முடிந்தது. மிச்ச இடத்தை சி டிரைவோடு சேர்க்கவிடாமல் ரெக்கவரி பார்ட்டிஷன் நடுவில் நின்றது, அதை நகர்த்தினேன். பழைய டிஸ்கைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே அடையாள எண், சேர்த்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். பீரோவில் வைத்துப் பூட்டினார்.

போன வாரம் போனில் பேசினோம். "நல்லா வேகமா இருக்குது கண்ணு" என்றார். ஃபோல்டரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.