இரு பக்கமும் உறவினர்

நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தேர்வது அறிவுடையோர்க்கு அரிதன்று. இரண்டு நன்றிக்கடன்கள் எதிரெதிரே நிற்கும்போதுதான் மனிதன் தடுமாறுகிறான்.

துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நாடுகளின் எல்லைகளால் பிரிக்கப்பட்டு வாழ்பவர்கள் குர்து மக்கள். துருக்கியில் ஆண்களுக்கு இராணுவச் சேவை கட்டாயம்; எனவே குர்து இளைஞரும் அந்நாட்டின் சீருடையை அணிகின்றனர். 1984-இல் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியபின், அவர்களை எதிர்த்து நின்றோரில் அவர்களது இனத்தவரும் இருந்தனர். 2007 அக்டோபரில், வட ஈராக்கினுள் படை அனுப்பத் துருக்கி நாடாளுமன்றம் அனுமதி அளித்தது. சில நாட்களில், எல்லையை அடுத்த டாலிஜாவில் நிகழ்ந்த தாக்குதலில் 12 துருக்கி வீரர்கள் மாண்டனர். 8 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். குர்து இனத்தவரும் இருந்த அந்த எண்மர் நவம்பரில் விடுதலை பெற்றுத் திரும்பியபோது அவர்களுக்குக் காத்திருந்தது கைதும் விசாரணையும். உயிரோடு மீண்டதே ஐயத்திற்கு இடமாயிற்று.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனும் இரு பக்கமும் உறவினரையே கண்டான். எனினும் அவன் தானே தேர்ந்த பக்கத்தில் நின்றவன். தூது பயனற்றுப்போன பின்னரே களம் புகுந்தவன். சட்டத்தால் அழைத்து வரப்பட்ட இளைஞனுக்கு அத்தகைய தேர்வு இல்லை. கீதையின் போதனையை அவனிடம் அப்படியே ஒப்பிப்பது விவேகமாகாது.

மகாபாரதத்தில் வேறு இருவர் உண்டு. திருதராஷ்டிரனின் மைந்தன் யுயுத்சு, போர் தொடங்கும் வேளையில் பாண்டவர் பக்கம் சேர்ந்தான். திரௌபதிக்காகச் சபையில் குரல் கொடுத்த விகர்ணனோ, தமையனை விட்டு நீங்காமல் போரிட்டு மடிந்தான். அவனைக் கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான். சென்றவனையும் நின்றவனையும் இதிகாசம் துரோகி என்று இகழவில்லை. வெளிச்செயல் ஒன்றாகவே இருந்தாலும், அது வலிமையிலிருந்து எழுந்ததா கோழைத்தனத்திலிருந்து எழுந்ததா என்பதே அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது என்பது கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமி விவேகானந்தர் காட்டும் கருத்து. ஆதாயமோ அச்சமோ தூண்ட அணி மாறுவது வீழ்ச்சி. அவை தூண்ட அணியில் நீடிப்பதும் வீழ்ச்சியே.

ஆகவே, நாட்டையும் இனத்தையும் ஒருங்கே நேசிப்பவனின் உள்ளத்தில் குறையில்லை. ஓர் அன்பை அறுத்தெறிந்தால்தான் மற்றோர் அன்பை நம்புவோம் என்று வற்புறுத்துவதே குறை. களம் புகுவது அவன் கையில் இல்லாதபோதும், எதிரில் நிற்பவனை வெறுக்காதிருப்பது அவன் கையில் உள்ளது. அவனைச் சந்தேகிக்காதிருப்பது சமுதாயத்தின் கடமை.

2025 மே மாதத்தில், தன்னைக் கலைத்துக்கொண்டு ஆயுதப் போராட்டத்தைக் கைவிடுவதாக அந்தக் கட்சி அறிவித்தது. கையிலுள்ள ஆயுதத்தைக் கீழே வைக்க ஒரு நாள் போதும். உள்ளத்திலுள்ள ஐயத்தைக் கீழே வைப்பதற்கோ, எல்லா உயிரிலும் உறைவது ஒரே ஆன்மா என்னும் தெளிவும் நீண்ட சாதனையும் வேண்டும்.